விற்கப்போகிற வீட்டுக்கு எட்டு லட்சம் செலவு செய்யலாமா? – ஜனக்புரி அனுபவம்

பத்திரம் பதிவாகி, பணம் வந்து, சாவியும் கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் 2024 நவம்பரில், பாதி இடித்துப் போட்ட குளியலறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற நாளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. டில்லியில் பழைய வீட்டை விற்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு இது உதவலாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஜனக்புரியில் டி.டி.ஏ. (டில்லி வளர்ச்சி ஆணையம்) குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. 80களில் அப்பாவுக்கு ஒதுக்கீட்டில் கிடைத்தது. நானும் தம்பியும் வளர்ந்ததும், அங்கேயே தமிழ்ப் பள்ளியில் படித்ததும் அந்த வீட்டிலிருந்துதான். 2023இல் அப்பா போனபிறகு அம்மா துவாரகாவில் எங்களோடு வந்துவிட்டார். தம்பி சென்னையில். வீட்டை விற்று, சென்னையில் தம்பிக்குப் பக்கத்திலேயே அம்மா பெயரில் சின்னதாக ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்தோம்.

வாரிசுச் சான்றிதழ், நானும் தம்பியும் அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம், பெயர் மாற்றம் எல்லாம் நாலு மாதத்தில் முடிந்தது. அப்பா உயிரோடு இருக்கும்போதே வீட்டைக் குத்தகை உரிமையிலிருந்து முழு உரிமைக்கு, அதாவது ஃப்ரீஹோல்டாக மாற்றி, அதற்கான கன்வேயன்ஸ் டீடும் (உரிமைப் பத்திரம்) வாங்கி வைத்திருந்ததால் அந்தக் கட்டம் சுலபம். உங்கள் வீட்டில் அது நடக்கவில்லை என்றால் டைல்ஸைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதைப் பாருங்கள். வெறும் பவர் ஆஃப் அட்டர்னியை வைத்து விற்றால் உரிமை மாறாது என்று 2011லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வங்கிக் கடனில் வாங்குகிறவர் யாரும் அப்படிப்பட்ட வீட்டைத் தொடமாட்டார்.

தரகர் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எட்டு லட்சம் போடுங்கள், பதினைந்து லட்சம் கூடுதலாக வாங்கித் தருகிறேன்" என்றார். மாடுலர் கிச்சன், ஹாலுக்குப் பெரிய டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், இரண்டு குளியலறையும் புதிது, அதோடு பால்கனிச் சுவரை எடுத்துவிட்டு அறையைப் பெரிதாக்குவது. அந்தக் கடைசி யோசனையை அன்றைக்கே மறுத்தது நல்லதாகப் போயிற்று. பால்கனிக்குக் கிரில், கண்ணாடி போடுவது வேறு, சுவரை இடிப்பது வேறு. பின்னால் வாங்குபவரின் வங்கியிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் முதலில் பார்த்தது அந்தச் சுவரைத்தான்.

எட்டு லட்சத்துக்கு எங்கே போவது? தம்பி பெர்சனல் லோன் எடுக்கிறேன் என்றான். 14 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு மாதம் 18,600 ரூபாய் சொச்சம் தவணை. வீடு விற்றதும் மொத்தமாக அடைத்துவிடலாம் என்றால் அதற்குத் தனிக் கட்டணம். அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதில் பழைய மஞ்சள் துணியில் சுற்றின இரட்டைவடச் சங்கிலி. "இதை வெச்சுக்கோ, வீடு வித்ததும் மீட்டுக்கலாம்" என்றார். நகைக்கடனில் அப்போது தங்கத்தின் மதிப்பில் 75 சதவீதம் வரை தருவார்கள், வட்டியும் பெர்சனல் லோனைவிடக் குறைவு. கணக்குப்படி தப்பில்லை. ஆனால் வீடு எப்போது விற்கும் என்று யாருக்கும் தெரியாதபோது அந்தச் சங்கிலியை அடகுக்கடைக் கவரில் போட்டுக் கொடுக்க எனக்கு மனது வரவில்லை. டப்பாவைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

சரி, முறையாக வங்கியில் வீட்டுச் சீரமைப்புக் கடன் கேட்போம் என்று போனேன். என் மூன்று அரைநாள் விடுப்பு வீணானது இங்கேதான்.

முதல் தடவை, கான்ட்ராக்டர் கொடுத்த எஸ்டிமேட்டைப் பார்த்ததும் தள்ளிவிட்டார் அந்த ஊழியர். வெறும் தாளில் எழுதியது, ஜி.எஸ்.டி. எண் இல்லை, முத்திரை இல்லை. நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். பத்து நாள் கழித்து முறையான எஸ்டிமேட்டோடு போனேன். இரண்டாவது தடவை, அப்பாவின் பெயர். ஒதுக்கீட்டுக் கடிதத்தில் இனிஷியலும் பெயரும். இறப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் தாத்தாவின் பெயர் முழுதாக. ஆதாரில் தாத்தாவின் பெயர் முன்னால். "இதில் உங்கள் அப்பாவின் சர்நேம் எது?" என்று மூன்று தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எங்களில் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கமில்லை, இனிஷியல் என்பது அப்பாவின் பெயர் என்று விளக்கினேன். அவருக்குப் பிடிபடவில்லை. மூன்று பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கிவரச் சொன்னார். லாகின் (விண்ணப்ப) கட்டணம், சட்டக் கருத்துக் கட்டணம் என்று ஜி.எஸ்.டி.யோடு 5,900 ரூபாயும் கட்டச் சொன்னார். கட்டினேன்.

மூன்றாவது தடவை எல்லாத் தாளும் இருந்தது. ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அம்மாவின் ஆதாரில் நின்றார். "மாதாஜிக்கு 74 வயது. கடன் முடியும்போது 70ஐத் தாண்டக்கூடாது. பிள்ளைகள் யாராவது கடனில் சேரவேண்டும். ஆனால் நீங்கள்தான் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டீர்களே, அதனால் ஃபைல் புதிதாகப் போடவேண்டும்."

அம்மாவின் ஆதார் முதல் நாளே அந்த ஃபைலில் முதல் தாளாக இருந்தது. முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு நடையும், 5,900 ரூபாயும், நோட்டரி செலவும் மிச்சமாகியிருக்கும். பணம் திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்கள். தயவுசெய்து வங்கியில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: உரிமையாளரின் வயதுக்குக் கடன் கிடைக்குமா? அதற்கு வாயால் அல்ல, மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொண்ட பிறகு பணம் கட்டுங்கள். பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு. அந்தப் பிரமாணப் பத்திரத்தை வீட்டை விற்கும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவு நாளன்று எங்களுக்கு அது கைகொடுத்தது. அலைந்த அலைச்சலில் உருப்படியாகக் கிடைத்தது அந்த ஒரு தாள்தான்.

வெளியே வரும்போது அதே கிளையில் இன்னொரு அதிகாரி, வயதானவர், என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "வீட்டை எப்போது விற்கிறீர்கள்?" என்று கேட்டார். மார்ச்சுக்குள் என்றேன். "அப்புறம் எதற்கு ஒரிஜினல் பத்திரத்தை எங்களிடம் கொடுக்கிறீர்கள்? கடனை அடைத்தபிறகு திருப்பிக் கொடுக்க எங்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. வாங்குகிறவர் அதுவரை காத்திருப்பாரா?" என்றார். ரிசர்வ் வங்கி விதி அது. 2023 டிசம்பர் முதல் அமலில் இருக்கிறது, தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வங்கி தரவேண்டும். ஆனால் கிடைக்கப்போகிற 5,000க்காக கையில் பயானாவோடு (முன்பணத்தோடு) நிற்கிற ஆளை யார் இழப்பார்கள்? மூன்று நடையில் யாரும் சொல்லாததை அவர் மூன்று நிமிடத்தில் சொன்னார்.

அன்று இரவு என் கணவரும் நானும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தோம். தரகருக்குப் போன் போட்டு, "இதே பிளாக்கில் புதுப்பித்து விற்ற வீடு ஒன்று, அப்படியே விற்ற வீடு ஒன்று, இரண்டின் விலையையும் சொல்லுங்கள்" என்று கேட்டேன். அதையும் இதையும் பேசினாரே தவிர விலையைச் சொல்லவில்லை. பதினைந்து லட்சம் என்ற நம்பிக்கை எனக்கு அந்த நிமிடம் போய்விட்டது. தரகர் எட்டு லட்சம் என்றால் நீங்களும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

பயானா வாங்கி அந்தப் பணத்தில் வேலையைச் செய்யலாம் என்று அவர் சொன்ன இன்னொரு யோசனையும் வேண்டாம் என்று விட்டோம். நம் பக்கத்துத் தவறால் பேரம் முறிந்தால் இரண்டு மடங்காகத் திருப்பித் தரவேண்டும் என்றுதான் இங்கே ஒப்பந்தத்தில் எழுதுகிறார்கள். குளியலறையில் கொட்டிவிட்ட பணத்தை எங்கிருந்து எடுப்பது?

எதைச் சரிசெய்தே ஆகவேண்டும் என்பதைக் கீழ்வீட்டு ஆன்ட்டிதான் காட்டினார். அவர் குளியலறையில் அண்ணாந்து பார்த்தேன். எங்கள் குளியலறைக்கு நேர் கீழே கூரையில் தட்டு அகலத்துக்குப் பழுப்பு வளையம், நடுவில் சுண்ணாம்பு கொப்புளமாகப் புடைத்திருந்தது, கம்பி ஒன்று துருவோடு தெரிந்தது. கீழே ஒரு வாளி. இரண்டு வருடமாக அந்த வாளி அங்கேயே இருக்கிறதாம். அப்பா இருந்தவரை நாங்கள் யாரும் கீழே போய்ப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு வெட்கமாக இருந்தது.

கசிவு, பழைய வயரிங், பெயின்ட். இவ்வளவுதான் என்று முடிவு செய்தோம். கிச்சன் வேண்டாம், ஃபால்ஸ் சீலிங் வேண்டாம். மொத்தம் 2,74,000 ரூபாய். பணத்துக்கு அம்மாவின் 5 லட்ச ரூபாய் டெபாசிட் மேல் ஓவர்டிராஃப்ட், அதாவது டெபாசிட்டை ஈடாக வைத்து எடுக்கும் கடன். வட்டி டெபாசிட்டுக்கு 7.5 சதவீதம், ஓவர்டிராஃப்டுக்கு 8.5 சதவீதம். கையெழுத்துப் போட்ட அன்றே கிடைத்தது. எடுத்த தொகைக்கு, எடுத்த நாளிலிருந்து மட்டும் வட்டி. முடிவில் கட்டிய வட்டி ஏழாயிரத்துச் சொச்சம். டெபாசிட்டும் உடையவில்லை.

ஆனால் நாளைப் பார்க்கத் தவறிவிட்டோம். தீபாவளி கழித்து நவம்பர் 6இல் உடைக்க ஆரம்பித்தார்கள். 2024 நவம்பர் 15இல் கிராப் (காற்று மாசு கூடக்கூடப் படிப்படியாக வரும் தடைத் திட்டம்) மூன்றாம் நிலை வந்தது, 18இல் நாலாம் நிலை. காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டினால் இடிப்பு, கட்டுமான வேலைகள் நிறுத்தம். பிளம்பிங், எலெக்ட்ரிக்கல், தச்சு வேலைகளுக்கு விலக்கு உண்டு, அதனால் வயரிங் மட்டும் நடந்தது. உடைப்பதும் சிமென்ட் கலப்பதும் கூடாது. தரை பெயர்த்த குளியலறை அப்படியே கிடந்தது. கேட் ஓரம் மல்பா (இடிபாட்டுக் குப்பை) மூட்டைகள், அதற்கு அபராதம் வரும் என்று குடியிருப்போர் சங்கத்தின் எச்சரிக்கை. கொத்தனார்கள் பீகாருக்கு ரயில் ஏறிவிட்டார்கள். அந்த வாரம் வீடு பார்க்க வந்த ஒரு தம்பதி, பணம் தயாராக வைத்திருந்தவர்கள், குளியலறை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

டிசம்பர் 5இல் தடை தளர்ந்தது. கொத்தனாரை ஊரிலிருந்து வரவழைத்து, வாட்டர்ப்ரூஃபிங் பூசி, தண்ணீர் கட்டிப் பார்த்தோம். இதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். வடிகால் ஓட்டையைத் துணியும் சிமென்டும் வைத்து அடைத்து, இரண்டங்குலம் தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார் கொத்தனார். இரண்டு நாள் கழித்து நான் குனிந்து பார்த்தபோது தண்ணீர் கோட்டில் நின்றது. கீழே ஓடிப்போய் ஆன்ட்டியின் கூரையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அந்தக் கோட்டையும் கூரையையும் போனில் படமெடுத்து வைத்தேன். டைல்ஸ் ஒட்டுவதற்குள் டிசம்பர் 16இல் மறுபடி தடை, ஜனவரியிலும் வந்து வந்து போனது. இங்கே உடைக்கிற வேலை இருந்தால் அக்டோபருக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள், இல்லையென்றால் பிப்ரவரிக்குத் தள்ளிப்போடுங்கள். குளிரில் பெயின்ட்டுக்கு முன் சுவரில் பூசுகிற பட்டியும் காய்வதில்லை, பெயின்ட்டுக்கு நாங்கள் இரட்டிப்பு நாள் காத்திருந்தோம்.

பில்களைப் பற்றி ஒன்று. ஆடிட்டர் சொன்னபடி வாட்டர்ப்ரூஃபிங், குழாய், வயரிங், டைல்ஸ் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. பில் வாங்கி, வங்கி வழியாகவே பணம் கொடுத்தோம். வீட்டின் மேம்பாட்டுச் செலவு மூலதன ஆதாயத்தில் (வீடு விற்ற லாபத்தில்) கழியும், வெறும் பெயின்ட் கழியாது. கான்ட்ராக்டர் ரொக்கமாகக் கொடுத்தால் குறைத்துக்கொள்கிறேன் என்றார், நாங்கள் மறுத்துவிட்டோம். அம்மா இரண்டு வருடத்துக்குள் சென்னையில் வீடு வாங்கிவிட்டால் 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 54இல் வரி பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனாலும் வீடு அமைவது தள்ளிப்போகலாம் அல்லவா, பில் கையில் இருக்கட்டும்.

பிப்ரவரியில் பதினோரு பேர் பார்த்தார்கள். அநேகமாக எல்லோரும் சமையலறையை எட்டிப் பார்த்து, "இதை எப்படியும் மாற்றிவிடுவோம்" என்றார்கள். கசிவு உண்டா, பத்திரம் யார் பெயரில், வண்டி எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. வாங்கியவரிடம் நான் அந்தப் பென்சில் கோட்டின் படத்தைக் காட்டினேன். அவருடைய அம்மா கீழே போய் ஆன்ட்டியிடமே கேட்டுவிட்டு வந்தார். அன்று சாயங்காலமே பயானா பேசினார்கள்.

மார்ச் கடைசி வாரம் பதிவு. மறுநாளே ஓவர்டிராஃப்ட்டை அடைத்தோம்.

போன வாரம் ஆன்ட்டி போன் செய்தார். மேலே சமையல் மேடையை உடைக்கிறார்களாம், ஒரே சத்தமாம். நாங்கள் கைவைக்காமல் விட்ட மேடை அது. குளியலறையைத் தொடவில்லையாம்.