எட்டு வாரம் ஓடக்கூடாது

நாய்களுக்கு முட்டியில் லிகமென்ட், அதாவது எலும்புகளைப் பிணைக்கும் நார், அறுவது பெரும்பாலும் ஒரே நாளில் நடப்பதில்லை. மாதக்கணக்கில் நைந்து நைந்து, ஒருநாள் சட்டென்று திரும்பும்போது போய்விடும். என் நாய் ஜூலிக்கும் அப்படித்தான். தூங்கி எழுந்ததும் லேசாக நொண்டுவாள், நாலு எட்டு நடந்தால் சரியாகிவிடும். அப்புறம் ஒரு சாயங்காலம் பின்னங்காலைத் தரையில் ஊன்றவே மறுத்துவிட்டாள். டாக்டர் அவளைப் படுக்கவைத்து, தொடையெலும்பை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழ்க்கால் எலும்பை முன்னால் தள்ளிப் பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறப்பதுபோல அது நகர்ந்து வந்தது. எக்ஸ்ரேக்கு முன்பே விஷயம் தெரிந்துவிட்டது.

அறுந்த லிகமென்டைத் தைத்துச் சேர்ப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஜூலிக்குச் செய்த டிபிஎல்ஓ என்ற அறுவை சிகிச்சை முறையில் அதைத் தைப்பதே இல்லை. நாயின் கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டு பின்பக்கமாகச் சரிந்திருக்கும். ஊன்றும்போதெல்லாம் தொடையெலும்பு அந்தச் சரிவில் வழுக்கப் பார்க்கும், லிகமென்ட்தான் இழுத்துப் பிடிக்கும். அது போய்விட்டதால் சரிவையே குறைத்துவிடுகிறார்கள். எலும்பை வட்ட வளைவாக அறுத்து, கொஞ்சம் திருப்பி, 25 டிகிரி வாக்கில் இருப்பதை 5 டிகிரி அளவுக்குக் கொண்டுவந்து, தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்குகிறார்கள். எலும்பையே அறுக்கிறார்கள் என்றால் அது கூடிவரவேண்டும். அதற்குக் குறைந்தது எட்டு வாரம், சில நாய்களுக்குப் பன்னிரண்டு. அதுவரை ஓட்டம், குதி, மாடிப்படி, சோபா எதுவும் கூடாது.

நான் வீட்டிலிருந்து வெப் டிசைன் செய்பவன். கையில் இரண்டு தளங்கள் பாதியில் இருந்தன. வேலையை அவசரத்தை வைத்துத்தான் வழக்கமாக அடுக்குவேன். இந்தமுறை, நடுவில் போட்டுவிட்டு எழுந்து போக முடியுமா என்பதை வைத்து அடுக்கினேன். படங்களின் எடையைக் குறைப்பது, ஆல்ட் டெக்ஸ்ட் (படத்தில் இருப்பதைச் சொல்லும் வரி) எழுதுவது, ஐகான்களைச் சீராக்குவது, பழைய சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோடு) குப்பை பொறுக்குவது, இதையெல்லாம் எந்த வரியிலும் விட்டுவிட்டு வந்து தொடரலாம். தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு (தளம் இயங்கும் சர்வருக்கு) மாற்றுவது, மெனு அமைப்பை யோசிப்பது, வாடிக்கையாளர் அழைப்பு, இவற்றில் பாதியில் எழுந்தால் முதலிலிருந்துதான். இவற்றை எல்லாம் அவள் மருந்து தின்று அயர்ந்து தூங்கும் நேரத்துக்குத் தள்ளினேன். அறுவை சிகிச்சை நடக்கும் வாரத்தில் எதையும் லைவுக்குக் கொண்டுபோவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஒரு வாடிக்கையாளர் "நாய்தானே சார்?" என்றார். ஆமாம் சார், நாய்தான். தேதி மாறவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து வந்த முதல் ராத்திரிதான் மோசம். முனகிக்கொண்டே இருந்தாள். மயக்க மருந்தும் வலுவான வலிமருந்தும் இறங்கும்போது வரும் குழப்பத்திலும் இப்படி அழும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்ததால் பதறாமல் இருக்க முடிந்தது. பாயைத் தரையில் போட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மலம் கழிக்க இரண்டு மூன்று நாள் ஆனாலும் கவலைப்பட வேண்டாம், பட்டினியும் மருந்தும்தான் காரணம். வலி மாத்திரையை எப்போதும் சாப்பாட்டோடு கொடுக்கவேண்டும். வாந்தியோ கறுப்பாக மலமோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடவேண்டும். பாவமாக இருக்கிறதே என்று நம் வீட்டு இபுப்ரோஃபெனையோ பாராசிட்டமாலையோ எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

சிறுநீருக்கு வெளியே கூட்டிப்போக, ஒரு துண்டை மடித்து அடிவயிற்றுக்குக் கீழே, பின்னங்காலுக்கு முன்னால் கொடுத்து, பின்பாகத்தைத் தூக்கிப் பிடித்தபடி நடத்தினேன். வழுக்கும் தரை முழுக்க ரப்பர் பாய் விரித்தேன். காயத்தை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கோன் மட்டும் கடைசிவரை இம்சை. அது மேசைக் காலில் டொக்கென்று இடிக்கும், சார்ஜர் வயரை வாரிக்கொண்டு போகும். அழைப்பில் பேசும்போது, "உங்கள் பக்கம் ஏதோ வேலை நடக்கிறதா?" என்று கேட்பார்கள்.

காயத்தைத் தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து, பழைய படத்தை இடப்பக்கமும் புதியதை வலப்பக்கமும் வைத்துப் பார்த்தேன். தொழில் பழக்கம்தான், ஆனால் ரொம்ப உதவியது. நேற்றைவிடச் சிவப்பா, தையல் ஓரம் பிரிந்திருக்கிறதா, கசிகிறதா என்பது நினைவை வைத்துச் சொல்ல முடியாது. கணுக்கால் பக்கம் வீங்கியபோது, நீர் கீழிறங்கித் தேங்குவது சகஜம் என்று படத்தைப் பார்த்தே கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். திரையில் நைட் மோடை மட்டும் அணைத்துவிட்டுப் பாருங்கள். அந்த மஞ்சள் சாயத்தில் எல்லாக் காயமும் கனன்று தெரியும்.

தையல் பிரித்தபிறகு நிம்மதி என்று நினைப்போம். எனக்குச் சிரமமே அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. மூன்றாவது நான்காவது வாரத்தில் அவளுக்கு வலி போய்விட்டது, எலும்பு கூடவில்லை. தான் குணமாகிவிட்டதாக அவள் முடிவுகட்டிவிட்டாள். நான் நாற்காலியை விட்டு எழுந்தால் அவளும் எழுவாள், அழைப்புமணி அடித்தால் துள்ளப் பார்ப்பாள். கூண்டை மேசைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தேன். தண்ணீர், போன், சார்ஜர், நோட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் உட்காருவேன், நடுவில் எழுந்தால் இருவருக்கும் வேலை கெடும். சாப்பாட்டைத் தட்டில் போடாமல், மோப்பம் பிடித்துத் தேடித் தின்னும் பாயில் ஒளித்து வைத்தேன். பத்து நிமிடம் மூக்கால் தேடினாலே அசந்துவிடுகிறாள். நடையே இல்லாததால் அளவையும் குறைக்கவேண்டியிருந்தது. எடை கூடினால் நல்ல காலுக்குத்தான் ஆபத்து.

கயிற்றில் பிடித்தபடி நடத்தும் ஐந்து நிமிட நடை, வாராவாரம் கொஞ்சம் கூடும். வேகமாகப் போனால் அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலிலேயே சமாளித்துவிடும். மெதுவாகப் போனால்தான் நாலையும் ஊன்றியாக வேண்டும். அப்படி நத்தை நடை போகும்போது, ஒரு கையில் கயிறும் மறு கையில் போனுமாக, நான் கட்டிக்கொண்டிருந்த தளத்தைத் திறந்து பார்த்தேன். மெனு மேல் மூலையில் இருந்தது, கட்டைவிரல் எட்டவில்லை. வெயிலில் சாம்பல் நிற எழுத்து காணாமல் போனது. பக்கத்துப் பக்கத்திலிருந்த இரண்டு பட்டன்களில் எப்போதும் தப்பானதே அமுங்கியது. மேசையில் பெரிய திரையில் இது எதுவும் கண்ணில் படாது. வீடு திரும்பியதும் மெனுவைக் கீழே இறக்கி, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வித்தியாசத்தை 4.5:1 கான்ட்ராஸ்டுக்கு மேல் ஏற்றி, பட்டன்களை 48 பிக்சலாக்கினேன். வாடிக்கையாளருக்குக் காரணம் சொல்லவில்லை, சோதித்துப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன்.

எட்டாவது வாரத்து எக்ஸ்ரேயில் அறுத்த கோடு மங்கி, எலும்பு கூடியிருந்தது. நடையை நீட்டலாம், படி ஏறலாம், ஓட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்கவேண்டும் என்றார் டாக்டர். ஒரு முட்டி போன நாய்களில் கணிசமானவற்றுக்குப் பின்னால் மறு முட்டியும் போகும் என்பதையும் சொன்னார். அதனால் இப்போது காலையில் அவள் உட்காரும் விதத்தைக் கவனிக்கிறேன். இரண்டு முட்டியையும் சமமாக மடித்துக்கொண்டு உட்கார்ந்தால் நல்லது. ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார ஆரம்பித்தால், நொண்டும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே காட்டிவிட வேண்டும்.