கூரைக்கே போன பட்ஜெட்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் இந்தப் பழைய கவுன்சில் வீட்டை (நகராட்சி கட்டிக்கொடுத்தது) வாங்கும்போதே தெரியும், கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்று. 1960-களில் நிறவெறி அரசு டர்பன் இந்தியர்களை இங்கே கொண்டுவந்து குடியமர்த்தியபோது கட்டிய இரட்டை வீடு. நடுவில் ஒரு சுவர், மேலே இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கூரை. கையில் இருந்தது 1,20,000 ராண்ட். கூரை, குளியலறை, சமையலறை மூன்றையும் அதற்குள் முடித்துவிடலாம் என்று நம்பினேன், இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மூன்று பேரைக் கூப்பிட்டேன். ஒருவர் பார்த்துவிட்டுப் போனவர்தான், ஆளையே காணோம். இன்னொருவர் கூரைக்கு மட்டும் 95,000 கேட்டார். மூன்றாமவர் கூரையும் குளியலறையும் சேர்த்தே 78,000 என்றார், கொட்டேஷனில் மொத்தம் இரண்டு வரி. கூரையை என்ன செய்வீர்கள் என்று நோண்டியபோதுதான் விஷயம் வந்தது: பிரஷர் மெஷினில் கழுவி, ஓட்டை அடைத்து, பெயின்ட் அடித்துவிடுவாராம். ஆஸ்பெஸ்டாஸை அப்படிப் பீய்ச்சிக் கழுவினால் மேல்பரப்பு அரித்து நார் கிளம்பும், முற்றத்திலும் துணிக்கொடியிலும் படியும், காய்ந்தால் காற்றோடு மூச்சுக்குள் போய் நுரையீரலைக் கெடுக்கும். வேண்டாம், கழற்றியே விடுங்கள் என்றேன். "அதுக்கென்னம்மா, ரெண்டு பையன்களை வச்சு உடைச்சு பக்கியில ஏத்திடலாம்" என்றார். (பக்கி என்றால் இங்கே பிக்கப் வண்டி. ஊரிலிருந்து வந்த புதிதில் யாரையோ திட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.)

2020-இல் வந்த விதிகளின்படி இந்த மாதிரிக் கூரையைக் கழற்ற, தொழிலாளர் துறையில் அதற்கென்றே பதிவு செய்த கான்ட்ராக்டர் வேண்டும். ஷீட்டை நனைத்து, உடைக்காமல் இறக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி, எச்சரிக்கை ஒட்டி, அந்தக் கழிவை எடுக்க உரிமம் உள்ள கிடங்குக்கே கொண்டுபோக வேண்டும். 95,000-இல் இதெல்லாம் இருந்தது. 78,000-இல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பக்கத்து வீட்டு அண்ணாவிடம் புலம்பினேன். ஷூ ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பாதி ஆங்கிலம் பாதி தமிழ். "தங்கச்சி, என் பாதியும் அதே கூரைதானே, சேர்ந்தே கழட்டிடுவோம்" என்றார். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? தனியாகச் செய்தால் நடுச்சுவருக்கு மேலே ஷீட்டை அறுக்க வேண்டியிருக்கும், செய்யவே கூடாத வேலை அது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சாரம், ஒரே வண்டி, ஒரே கிடங்குக் கட்டணம் என்றதும், 95,000 கேட்டவரிடமே என் பங்கு 74,000-க்கு இறங்கியது.

அட்வான்ஸ் விஷயத்தில் நான் ஏற்கெனவே சூடுபட்டவள். முந்தைய வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் குளியலறைக்கென்று ஒருவர் 9,000 வாங்கிக்கொண்டு போனார். டிசம்பர் நடுவிலிருந்து இங்கே கட்டட வேலைக்கு வருடாந்திர லீவு, ஜனவரியில்தான் ஆள் வருவார்கள். அவர் ஜனவரியிலும் வரவில்லை. அதனால் இந்தத் தடவை புது ஷீட், ஸ்க்ரூ, மரம் எல்லாவற்றையும் ஹார்டுவேர் கடையில் என் பெயரில் பில் போட்டு வாசலில் இறக்கினேன். கூலியை மூன்றாகப் பிரித்து, கடைசிப் பங்கு முதல் மழைக்குப் பிறகு என்று எழுதி வாங்கினேன். கான்ட்ராக்டர் முகம் சுளித்தார், ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

கூரையைத் திறந்தால் உள்ளே பழைய வயர், ரப்பர் உதிர்ந்து செம்பு பல்லிளிக்கிறது. எழுத்தில் மதிப்பீடு கேட்டு வாங்கியிருந்தால், நம் சம்மதம் இல்லாமல் அதற்கு மேல் வசூலிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விடாது. நல்லவேளை, கேட்டிருந்தேன். கான்ட்ராக்டர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி 6,400 கூடும் என்றார், நானும் பார்த்துவிட்டு "சரி" என்று எழுதினேன். வயரிங் விதிப்படி இருக்கிறது என்று எலெக்ட்ரீஷியன் கொடுத்த சி.ஓ.சி. சான்றிதழை பத்திரமாக வைத்திருக்கிறேன், செல்லுபடியாகும் சி.ஓ.சி. இல்லாமல் இங்கே வீட்டை விற்க முடியாது.

மிச்சப் பணத்தில் குளியலறை பாதி முடிந்தது. சமையலறைப் பக்கம் இன்னும் போகவே இல்லை, சிங்க்குக்குக் கீழே உள்ள கதவை ரப்பர் பேண்ட் போட்டுத்தான் மூடி வைத்திருக்கிறேன்.