32 பக்கப் படப்புத்தகம்: டம்மி முதல் அச்சு ஃபைல் வரை

படப்புத்தக வேலை உறுதியானதும் நேராக டேப்லெட்டை எடுத்து முதல் பக்கத்தை வண்ணத்தோடு வரைய உட்காருவது, ஃப்ரீலான்ஸ் இல்லஸ்ட்ரேட்டர் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் சூனியம். “பையன் இடது பக்கம் நிற்கட்டும்” என்ற ஒரே திருத்தம், பென்சில் கட்டத்தில் வந்தால் பத்து நிமிடம். வண்ணம் முடிந்தபின் வந்தால் இரண்டு நாள். கூலி என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான். எனவே எதை எப்போது முடிவு செய்து ஒப்புதல் வாங்குவது என்பதில்தான் பாதி வருமானம் இருக்கிறது.

ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை: வெட்டியபின் பக்கத்தின் அளவு என்ன, எந்த வகை பைண்டிங், கதையின் எழுத்து முடிந்துவிட்டதா, ஓகே சொல்லப்போகும் ஆள் யார். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். எடிட்டர் மூன்று முறை பார்த்துச் சரி என்ற ரஃப் (வண்ணத்துக்கு முந்தைய பென்சில் வரைவு), அதற்கும் மேலே இருப்பவர் மேஜைக்குப் போய்த் தலைகீழாகத் திரும்பி வரும். எழுத்து முடியாத கதைக்கு வரையத் தொடங்குவதும் ஆபத்து. ஒரு பத்தி இடம் மாறினால் நான்கு படம் இடம் மாறும்.

அடுத்தது டம்மி, அதாவது புத்தகத்தின் வெற்றுத்தாள் மாதிரி. 8 ஏ4 தாள்களை ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் 32 பக்கம். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் தனியாக நிற்க, நடுவில் கிடைப்பது 15 ஸ்ப்ரெட் (விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம்). தலைப்பு, பதிப்புரிமை விவரம் ஆகியவை போனால் கதைக்கு மிஞ்சுவது பெரும்பாலும் 12 முதல் 14 வரை. கதையை வெட்டி இந்தத் தாள்களில் ஒட்டி, புரட்டிப் பாருங்கள். கதவுக்குப் பின்னால் இருப்பது யார் என்ற கேள்வி வலது பக்கத்தில் முடிந்து, விடை பக்கத்தைத் திருப்பியபின் வரவேண்டும். கேள்வியும் விடையும் ஒரே ஸ்ப்ரெட்டில் விழுந்தால், படிக்கும் குழந்தையின் கண் விடைக்குத்தான் முதலில் போகும். ஸ்க்ரீனில் பார்க்கும்போது இந்தக் கோளாறு தெரியவே தெரியாது; கையில் தாளைத் திருப்ப வேண்டும்.

பிறகு, எல்லா ஸ்ப்ரெட்டையும் ஒரே தாளில், தீப்பெட்டி அளவில் தம்ப்நெயில்களாக, அதாவது குட்டி முன்வரைவுகளாக வரைவது. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று. முதலில் தோன்றுவது பெரும்பாலும் எழுத்து சொன்னதையே திருப்பிச் சொல்லும் படம்; இரண்டாவதும் அதன் தம்பிதான். மூன்றாவதில்தான் பார்வை நகரும்: மேசைக்கு அடியிலிருந்து பார்க்கலாமா, பையனைக் காட்டாமல் நிழலை மட்டும் காட்டலாமா என்று. இந்த அளவில் முகபாவம் வரைய இடமில்லை என்பதே இதன் லாபம். பெரிய வடிவம், வெளிச்சம், எழுத்துக்கான காலியிடம் மூன்றை மட்டும் பார்ப்பீர்கள். கறுப்பு, சாம்பல், வெள்ளை என மூன்றே டோனில் நிரப்பிப் பாருங்கள். சிறிய சதுரத்தில் முக்கியப் பாத்திரம் எது என்று தெரியாவிட்டால், பெரிய படத்தில் எவ்வளவு வண்ணம் போட்டாலும் தெரியப்போவதில்லை. எழுத்துக்கான இடத்தைக் கண்ணால் மட்டும் மதிக்காமல், அச்சாகப்போகும் எழுத்துருவில், அளவில், அந்தப் பத்தியைத் தட்டச்சு செய்து ரஃப்பின்மேல் வைத்தே அனுப்புங்கள்.

ஒரு பாத்திரத்தின் தோற்றத்தைக் குறித்துவைக்கும் பாத்திரத் தாள் பற்றி ஒன்று. முன், பக்கவாட்டு, முக்கால், பின் என நான்கு கோணம் எல்லோரும் வரைவார்கள். தவறு நடப்பது சின்னச் சாமான்களில். சட்டையில் எத்தனை பட்டன், பை எந்தத் தோளில், வகிடு எந்தப் பக்கம் என்று எழுதியே வைக்க வேண்டும். சாய்வைச் சரிபார்க்க கேன்வாஸைக் கண்ணாடிபோலத் திருப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம். திருப்பியதை மறந்து அப்படியே ஏற்றுமதி செய்தால் 9ஆம் பக்கத்தில் பை தோள் மாறியிருக்கும். எடிட்டர் கவனிக்க மாட்டார், ஆறு வயது வாசகர் கவனிப்பார்.

ரஃப்பில் எழுத்துபூர்வமாக ஒப்புதல் வந்தபின்தான் அச்சு அளவு கேன்வாஸ். உதாரணமாகப் பக்கம் 210 மி.மீ. சதுரம் என்றால் ஸ்ப்ரெட் 420 × 210. சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) சேர்த்தால் 426 × 216. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) இது ஏறத்தாழ 5,032 × 2,552 பிக்சல். சின்ன கேன்வாஸில் வரைந்து பிறகு பெரிதாக்கினால் கோடுகள் மழுங்கிவிடும். ப்ரோகிரியேட் போன்ற செயலிகளில் கேன்வாஸ் பெரிதாக ஆக லேயர் (படத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிரித்து வரையும் அடுக்கு) எண்ணிக்கை குறையும், அதையும் முன்பே கணக்கில் கொள்ளுங்கள். நடு மடிப்புக்கு இருபுறமும் 15 மி.மீ.க்குள் முகமோ கையோ வேண்டாம். பசை வைத்து ஒட்டும் பைண்டிங்கில் அந்த இடம் உள்ளே போய்விடும். மூக்கில்லாத பாட்டி அப்படித்தான் பிறக்கிறாள்.

வண்ணத்தில் இரண்டு பொறி. ஸ்க்ரீன் காட்டும் ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீல ஒளி) பளிச்சிடும் கிளிப்பச்சை, மின்நீலம், ஆரஞ்சு ஆகியவை அச்சின் நான்கு மைகளான சிஎம்ஒய்கேயில் (சயான், மஜெண்டா, மஞ்சள், கறுப்பு) வரவே வராது, மங்கும். தொடக்கத்திலிருந்தே, அச்சில் எப்படி வரும் என்று ஸ்க்ரீனிலேயே காட்டும் ப்ரூஃப் காட்சியை அவ்வப்போது போட்டுப் பார்த்து வண்ணம் தேர்ந்தால் கடைசியில் அதிர்ச்சி இல்லை. இரண்டாவது, கறுப்புக் கோடு. ஆர்ஜிபி கறுப்பு, மாற்றும்போது நான்கு மையும் கலந்த கறுப்பாகிவிடும். அச்சில் மைக்கு ஒன்றாக இருக்கும் தகடுகள் ஒரு மயிரிழை விலகினாலும் மெல்லிய கோட்டின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப்பார்க்கும். கண், புருவம் எல்லாம் மங்கலாகும். கோட்டைத் தனி லேயரில் வைத்து, 100 சதவீதம் கறுப்பு மை மட்டும் என்று கொடுத்து, ஓவர்பிரிண்ட் ஆக (கீழுள்ள வண்ணத்தை வெட்டாமல் அதன்மேலேயே அச்சாகும்படி) வைக்கச் சொல்லுங்கள். இரவுக் காட்சியின் பெரிய வானத்துக்கு இதற்கு நேரெதிர்: கறுப்பு மை மட்டும் என்றால் சாம்பலாகத் தெரியும், கொஞ்சம் நீல மையும் சேர வேண்டும்.

பல மொழிகளில் சேர்ந்து அச்சாகும் புத்தகமென்றால், மொழிக்கு மொழி மாற்றுவது பெரும்பாலும் கறுப்புத் தகட்டை மட்டும்தான். அதனால் எழுத்து விழும் இடம் வெளிர் நிறத்தில் இருக்கட்டும். கரும்பின்னணியில் வெள்ளை எழுத்து அழகுதான், ஆனால் நான்கு தகட்டையும் மாற்றவைக்கும். படத்துக்குள் வரும் கடைப் பலகை, தபால் உறை எழுத்துகளும் தனி லேயரில்.

நாள் கணக்கு: ஸ்ப்ரெட்டுக்கு தம்ப்நெயில் 1 மணி, ரஃப் 3, கோடு 4, வண்ணம் 8 என வைத்தால் 16 மணி. 15 ஸ்ப்ரெட்டுக்கு 240. மெயில், ஸ்கேன், இன்வாய்ஸ் போக ஒரு நாளில் உருப்படியாக வரையக் கிடைப்பது ஐந்து மணிநேரம்தான். ஆக 48 வேலைநாள். இதன்மேல் அட்டைப்படமும், ஒப்புதலுக்குக் காத்திருக்கும் வாரங்களும். அச்சகத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால், “மூன்று வாரத்தில் முடியுமா?” என்ற கேள்விக்குப் பதில் கோபமில்லாமல் சொல்லலாம்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: ஒப்பந்தத்தில் ஒன்று, ரஃப் ஒப்புதலில் ஒன்று, ஃபைல் ஒப்படைக்கையில் ஒன்று. “புத்தகம் வெளியானபின்” என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். வெளியீடு தள்ளிப்போவது உங்கள் கையில் இல்லை. ரஃப்பில் இரண்டு சுற்று, வண்ணத்தில் ஒரு சுற்று திருத்தம் விலைக்குள் அடக்கம். ஒப்புக்கொண்ட ரஃப்பை மீறி நீங்கள் வரைந்ததைத் திருத்துவது இலவசம். ஒப்புக்கொண்டபின் அவர்கள் மனம் மாறினால் தனிக் கட்டணம். வேலை நடுவில் நின்றால் எவ்வளவு என்பதையும், பதிப்புரிமை உங்களிடமே இருக்க எந்தப் பயன்பாட்டுக்கு, எத்தனை ஆண்டுக்கு உரிமம் தருகிறீர்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். லேயர் பிரிந்த ஃபைலை யாருக்கும் சும்மா அனுப்ப வேண்டாம். கோட்டையும் எழுத்தையும் பிரித்துக் கேட்டால் அவ்விரண்டு லேயர்களை மட்டும் தனியாக விட்டு மற்றவற்றை ஒரே லேயராகத் தட்டையாக்கி அனுப்பினால் போதும்.

அச்சுக்கு முந்தைய ப்ரூஃப் தாளில் வருவதானால் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முதலில் தோல் நிறம், பிறகு மடிப்பு, பிறகு கறுப்புக் கோடு.