கேம் போய் அட்வான்ஸைக் கழற்றி ஏ பட்டனைத் திருத்தியது

மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியும் கேற் பிணைச்சலும் என்ன பாடுபடும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அக்கா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய கேம் போய் அட்வான்ஸ் என்ற கையடக்க வீடியோ கேம் மெஷினும் அந்தக் காற்றில்தான் கிடந்தது. 2001இல் வந்த மொடல். மருமகன் ஏ பட்டனைப் பெருவிரலால் நசுக்கு நசுக்கென்று நசுக்கினால்தான் கேமில் வரும் மாரியோ குதிப்பார்.

"மாமா, இது பழுதாப் போச்சு. புதுப் பட்டன் ஓடர் பண்ணுவமா?"

"பொறு மகன், துறந்து பார்ப்பம். மறுகா யோசிப்பம்."

இந்த மெஷினில் பட்டன் என்று நாம் அழுத்துவது வெறும் பிளாஸ்டிக் துண்டு. அதற்குக் கீழே றப்பர் விரிப்பு, விரிப்பின் அடியில் கறுப்பாக ஒரு கார்பன் பொட்டு. அழுத்தும்போது அந்தப் பொட்டு மின்சுற்றுப் போர்டில் உள்ள தடங்களைத் தொட்டு மின்சாரத்தைக் கடத்தும். இடையில் வியர்வையும் தூசியும் படிந்தால் கடத்தாது. அதனால் பாகம் வாங்கக் காசு செலவழிக்க முதல் கழுவிப் பார்ப்பதுதான் புத்தி.

திறப்பதில்தான் சிக்கல். பின்பக்கத்தில் ஆறு ஸ்க்ரூ, எல்லாம் மூன்று கால் உள்ள ஒய் வடிவத் தலை. அது போக, பற்றரிப் பெட்டிக்குள் ஒன்று மட்டும் சாதாரண நட்சத்திரத் தலை. வாங்கினவன் திறக்கக் கூடாது என்றே இப்படிப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணமே பிடிக்காது. பேனைக் குழாயைச் சூடாக்கி ஸ்க்ரூ தலையில் அழுத்தி அச்செடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பிளாஸ்டிக் உருகி உள்ளே ஒட்டினால் ஆர் எடுப்பது? மணிக்கூட்டுக் கோபுரத்தடிப் பக்கம் ஒரு போன் திருத்தும் கடையில் அந்த முனை உள்ள ட்றைவரை இரவல் வாங்கினேன். அங்கேயே ஒள்ளுப்பம் ஐசோபுரோப்பைல் அல்ககோலும் கிடைத்தது. பாமசி ஸ்பிரிட்டில் தண்ணீர் அதிகம், இந்த வேலைக்கு அது வேண்டாம்.

மேசையில் வெள்ளைத் துவாய் விரித்து, ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். கச்சான் காற்று வீசும் வெக்கைக் காலத்தில் ஃபேன் இல்லாமல் இருப்பது சும்மா விஷயமில்லை. ஆனால் உள்ளே இருக்கும் ஸ்க்ரூக்கள் எறும்பளவுதான், பறந்தால் போனதுதான். பின்மூடி கழன்றதும் திரையிலிருந்து வரும் தட்டை நாடா தெரியும். அதை இழுத்துவிடக் கூடாது. அது செருகியிருக்கும் இடத்தில் இரண்டு ஓரத்திலும் சின்னக் கொளுக்கி இருக்கிறது. நகத்தால் இரண்டையும் சமமாக மேலே தள்ளினால் நாடா தானாக வழுக்கிக்கொண்டு வரும். அப்புறம் போர்டைப் பிடித்திருக்கும் மூன்று ஸ்க்ரூ. அவ்வளவுதான்.

போர்டைப் புரட்டிப் பார்த்தால், ஏ பட்டனுக்குரிய தடத்தின் மேல் மங்கலான பழுப்புப் படலம். பக்கத்தில் பி தடம் கறுப்பாகப் பளபளத்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியை அல்ககோலில் தொட்டு மெல்ல உருட்டினேன். பஞ்சு தேயிலைச் சாயம் மாதிரி நிறம் மாறியது. உப்புத்தாளோ கத்தி முனையோ கிட்டவும் போகக் கூடாது, தடத்தின் கார்பன் பூச்சே உரிந்து போகும். றப்பரையும் பட்டன்களையும் சவர்க்காரத் தண்ணீரில் அலசினோம், பழைய பல் பிரஷ் மருமகன் கையில். பொட்டின் மேல் பென்சில் கரி பூசும் வைத்தியமும் உண்டு. அது கொஞ்ச நாள்தான் நிற்கும், பிறகு கரித்தூள் உள்ளே சிந்தும். நான் பூசவில்லை.

முழுக்கக் காயவிட்டுப் பூட்டும்போது ஒரு கவனம்: மூடியின் ஸ்க்ரூக்களை முதலில் எல்லாவற்றிலும் பாதி வரை விட்டு, பிறகு ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். ஒன்றை மட்டும் முழுக்க இறுக்கினால் மூடி ஒரு பக்கம் வாய் பிளக்கும்.

இரண்டு பென்டோச் பற்றரி போட்டு ஓன் பண்ணினோம். விரல் பட்டதுமே மாரியோ குதித்தார். மேல் ஓரத்தில் உள்ள எல் பட்டன் மட்டும் இன்னும் பத்துக்கு ஒருதரம் ஏமாற்றுகிறது. அதற்குக் கீழே றப்பர் இல்லை, போர்டில் ஈயம் வைத்து ஒட்டிய குட்டிச் சுவிட்ச். மாற்றுவதென்றால் சால்டரிங் அயன் வேண்டும். மருமகனைக் கேட்டேன்.

"இந்தக் கேமுக்கு எல் தேவையில்ல மாமா, தாங்க" என்று பறித்துக்கொண்டு போய்விட்டான்.