பிரைவேட் சப்நெட் கேள்விகள்: பதில் திரும்பும் வழியைப் பாருங்கள்

எஸ்.ஏ.ஏ.-சி03 (அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். கிளவுடுக்கான சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வு) ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். மனசு லேசாக இருக்கும்போதே, சேலத்தில் அடுத்து எழுதப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வி.பி.சி. (ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் நமக்கான தனி நெட்வொர்க்; அதன் துண்டுகளே சப்நெட்) பகுதியில் எதை விட்டாலும், பதில் பாக்கெட் திரும்பும் வழியை விடாதீர்கள்.

செக்யூரிட்டி குரூப்புக்கு (சர்வருக்கான ஃபயர்வால்) ஞாபகம் உண்டு. உள்ளே விட்ட கனெக்‌ஷனின் பதிலைத் தானாகவே வெளியே விடும். நெட்வொர்க் ஏ.சி.எல்.லுக்கு (சப்நெட் வாசலில் நிற்கும் விதிப் பட்டியல்) ஞாபகம் கிடையாது. ஏற்காடு அடிவாரத்துச் செக்போஸ்ட் மாதிரி, ஏறும்போது பார்த்த வண்டியையே இறங்கும்போதும் நிறுத்தும்.

பேப்பரில் வரைந்து பழகுங்கள். பப்ளிக் சப்நெட் 10.0.1.0/24, லோடு பேலன்சரும் (வரும் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது) நாட் கேட்வேயும் (பிரைவேட் சப்நெட்டிலிருந்து இணையத்துக்குப் போகும் வழி) அதில். பிரைவேட் சப்நெட் (இணையத்திலிருந்து நேரடியாக எட்ட முடியாதது) இரண்டு: அப்ளிகேஷன் 10.0.11.0/24, போர்ட் 8080. டேட்டாபேஸ் 10.0.21.0/24, போர்ட் 3306. அப்ளிகேஷன் சப்நெட்டின் ஏ.சி.எல்., எல்லாம் டி.சி.பி. (வரிசை: விதி எண், போர்ட், எங்கிருந்து அல்லது எங்கே, முடிவு):

உள்ளே
100: 8080, 10.0.1.0/24, அனுமதி
110: 8080, 0.0.0.0/0, மறுப்பு
120: 1024–65535, 0.0.0.0/0, அனுமதி

வெளியே
100: 1024–65535, 10.0.1.0/24, அனுமதி
110: 3306, 10.0.21.0/24, அனுமதி
120: 443, 0.0.0.0/0, அனுமதி

உள்ளே 120, அப்ளிகேஷன் வெளியே கேட்டதற்குத் திரும்பும் பதில்களுக்கு; அவை 1024–65535 போர்ட்டுகளுக்கு வரும். அதில் ஏன் 0.0.0.0/0, அதாவது எந்த முகவரியும்? நாட் கேட்வே இருக்கிறதே, அதன் ஐ.பி. போதாதா என்று தோன்றும். போதாது. திரும்பி வரும் பாக்கெட்டில் சோர்ஸ் ஐ.பி. வெளி சர்வருடையதுதான், நாட் மாற்றுவது டெஸ்டினேஷனை மட்டும். இந்த ஒரு வரி புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

உள்ளே 110-ஐச் சேர்க்காவிட்டால் ஏ.சி.எல்.லில் 8080 எல்லோருக்கும் திறந்துவிடும், ஏனென்றால் அது 1024–65535-க்குள் அடங்குகிறது. சின்ன எண் முதலில். பொருந்திய முதல் விதியோடு தேடல் நின்றுவிடும். மறுப்பை 130-க்குத் தள்ளினால் அது செத்த விதி.

செக்யூரிட்டி குரூப்பில் மறுப்பே கிடையாது. சோர்ஸாக ஐ.பி. போடாமல் குரூப்பையே போடுங்கள்: லோடு பேலன்சர் குரூப்பிலிருந்து அப்ளிகேஷனுக்கு 8080, அப்ளிகேஷன் குரூப்பிலிருந்து டேட்டாபேஸுக்கு 3306. ஆட்டோ ஸ்கேலிங் எத்தனை சர்வர் கூட்டினாலும் விதியைத் தொட வேண்டாம். ஏ.சி.எல்.லில் இப்படிக் குரூப் போட முடியாது.

வேகமாகச் சில:
- புதிதாக உருவாக்கும் ஏ.சி.எல். எல்லாவற்றையும் மறுக்கும், டிஃபால்ட் ஏ.சி.எல். எல்லாவற்றையும் விடும்.
- ஒரே சப்நெட்டுக்குள் ஓடும் டிராஃபிக்கை ஏ.சி.எல். பார்க்காது.
- நாட் கேட்வேக்குச் செக்யூரிட்டி குரூப் மாட்ட முடியாது.
- /24-இல் 251 முகவரிதான் கிடைக்கும், 5 ஏ.டபிள்யூ.எஸ்.ஸுக்கு.
- டைம்அவுட் என்றால் குரூப், ஏ.சி.எல்., ரூட் டேபிள் (பாக்கெட் போகும் வழிப் பட்டியல்) மூன்றையும் பாருங்கள். கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு என்றால் பெரும்பாலும் அப்ளிகேஷனே அந்தப் போர்ட்டில் கேட்கவில்லை.
- ஃப்ளோ லாகில் (டிராஃபிக் பதிவேடு) உள்ளே அக்செப்ட், அதன் பதிலுக்கு ரிஜெக்ட் என்றால் ஏ.சி.எல்.தான்.

65 கேள்வி, 130 நிமிடம். கேள்வியெல்லாம் நீளம். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான கூடுதல் 30 நிமிடத்தைக் கட்டாயம் கேளுங்கள். தேர்வுத் தேதி பதிவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.