பேணியும் பனியும்

தை (ஜனவரி) 26
விடியப்புறம் மூன்றரைக்கு அம்மாவுக்கு முட்டு, மூச்சு இழுப்பு. மருந்து இழுக்கிற பம்ப் இரண்டு தரம். வெளியே வந்தால் மோட்டார் சைக்கிள் சீற் தொப்பலாக நனைந்து கிடக்கிறது. இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதுகிறேன்.

தை 27
பனிபடுநிலை, அதாவது குளிரக் குளிர வளியின் ஈரம் நீராகப் படியத் தொடங்குகிற வெப்பநிலை. உயர்தர வகுப்பில் செய்த பரிசோதனை. கலோரிமானிக்கு எங்கே போவது, சில்வர் பேணியைச் சாம்பல் போட்டு மினுக்கினேன். காய்ச்சல் பார்க்கிற வெப்பமானி உதவாது, 35க்குக் கீழே காட்டாது. அக்காவின் மகன் பள்ளிக்கூட வெப்பமானி ஒன்று கொண்டுவருவான்.

தை 28
பேணியில் அரைவாசிக்குத் தண்ணீர், நொறுக்கிய ஐஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கக் கலக்க 25இலேயே வெளிப்பக்கம் மங்கிவிட்டது. சந்தோஷப்பட்டேன், பார்த்தால் அது என் மூச்சு. பிறகு கொரோனாக் கால மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். 22இல் மங்கியது, ஐஸை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் 23இல் அழிந்தது. ஆக 22.5. வளி 28. வித்தியாசத்தில் பாகைக்கு ஐந்து வீதமாக நூறிலிருந்து கழித்தால் சாரீரப்பதன், வளியின் ஈரப்பத வீதம், 72, 73 வரும். காய்ந்த ஊர்களுக்கு இந்தக் கணக்குச் சரிவராது, எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.
"உனக்கென்ன விசரே தம்பி" என்றா அம்மா.

தை 29
முகில். சீற் காய்ந்திருந்தது. முட்டு இல்லை.

தை 30
அம்மாவின் றிப்போட் வரவில்லை.

தை 31
பின்னேரம் பேணி 22.5தான் காட்டியது. இரவு முழுக்க வெப்பமானியை விறாந்தையில் தொங்கவிட்டேன், நான்கு மணிக்கும் 24. அப்படியென்றால் பனி பெய்யக்கூடாது. ஆனால் சீற் நனைந்திருந்தது, புல்லும். மாமரத்துக்குக் கீழே மட்டும் காய்ந்த தரை. அப்புறம்தான் பிடிபட்டது: வெளித்த வானத்துக்குக் கீழே கிடக்கிற சீற் தன் சூட்டை மேலே விட்டுவிட்டு வளியைவிடக் குளிர்ந்துபோகிறது, முகிலோ மரமோ மூடினால் அந்தச் சூடு அவ்வளவாகப் போகாது. நான் அளந்தது வளியை. நனைவது சீற்.
அம்மாவுக்கு மூன்று மணிக்கு முட்டு.

மாசி 1
தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று அம்மாவே சொல்லிக்கொண்டு ஜன்னலைத் திறக்கிறா. மூடினால் மூச்சடைக்குதாம்.

மாசி 2
பனிதானா? முகில் இல்லாத, காற்று அடங்கின இரவில் பனி மட்டுமா தங்கும், பக்கத்து வளவில் பின்னேரம் கூட்டிக் கொளுத்துகிற மாஞ்சருகுப் புகையும் மேலே போகாமல் நிலத்தோடு படுத்துக்கிடக்கும். இரண்டுக்கும் ஒரே இரவுதான் வசதி. ஒரு கிழமையாக நான் பேணியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.
அந்த வளவு மாமியிடம் எப்படிக் கேட்பது? அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுவந்து தருகிறவ அவதான்.

மாசி 3
கேட்கவில்லை. றிப்போட்டும் இல்லை.

மாசி 4
பேணி 22. வானம் வெளித்திருக்கிறது. மாமி விளக்குமாற்றோடு முற்றத்தில் நிற்கிறா.