மழைக்குப் பின் கிடைத்த காசு

போர் நடந்த இலங்கையின் வன்னிப் பகுதியில் உலோகம் தேடும் கருவி என்றாலே கண்ணிவெடிதான் நினைவுக்கு வரும். அதனால் நான் அதைக் கையில் எடுத்ததில்லை. எங்கள் பெரியையா கருவியின்றியே, மாரி மழை ஓய்ந்த மறுநாள் காலையில், சாய்வெயிலில் ஓட்டாஞ்சில்லுகள் மினுங்கும் வயலோர மேட்டைப் பார்த்து நடந்து, “இந்தப் பக்கம் ஏதோ கிடக்குது தம்பி” என்பார். ஊரார் அதை உள்ளுணர்வு என்றனர். ஓடு கிடந்தால் ஆள் குடியிருந்திருக்கும், ஆள் இருந்தால் காசு விழுந்திருக்கும் என்ற கணக்கே அது என்பது என் எண்ணம். ஆனால், மாடு கட்ட முளை அடித்த குழியில், படுத்திருக்கும் நந்தியும் அதன் கீழே ‘சேது’ என்ற எழுத்தும் கொண்ட யாழ்ப்பாண அரசர் காலத்துச் செப்புக்காசு பச்சைக் களிம்போடு வெளிவந்ததே, அது வெறும் அதிர்ஷ்டம்தான். நான் புளி போட்டுத் தேய்க்கப் போனேன். பெரியையா கையைத் தட்டிவிட்டு, காசை மண்ணோடு கடதாசியில் சுற்றி, கிராம சேவகரிடம் கொடுக்கப் புறப்பட்டார்.